மூன்று மணி ஐம்பது நிமிடம்

நாரணாபுரம்
8.6.2025

மாரிக்கண்ணனுக்கு அக்கா பாண்டிலட்சுமி எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ ஜெயிலுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஜாமீன் கிடைத்தும் ஆள் நிற்க நான் வரவில்லை என்று வக்கீலம்மா சொல்லியிருப்பார்கள். வரமாட்டேன். பட்டாசுக் கம்பெனித் தீயில் ஐந்து பேர் போனார்கள். அதில் மூன்று பேர் நம் தெரு. போர்மேன் அக்கா என்று குழாயடியில் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். இதில் உனக்காகக் கையெழுத்து வேறு போடவா?

ஒரு விஷயம் கேட்கத்தான் இந்தக் கடிதம். உன் மச்சானை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மேல்காயம் ஆறிவிட்டது. புகையைக் குடித்த நுரையீரல் ஆறவில்லை. இனி எந்நேரமும் ஆக்சிஜன் வேண்டுமாம். ஒரு டிரஸ்ட்காரர்கள் சின்ன மெஷின் கொடுத்தார்கள். கரண்டில் ஓடி மூக்குக் குழாய்க்கு ஆக்சிஜன் அனுப்பும். யாரோ உபயோகித்துத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் இருக்கும் பேட்டரி இருபது நிமிடம்கூட நிற்பதில்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் வருகிறது. போன மாதம் அந்த நாளில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நடைபாதையில் பிளக் இருந்த இடத்தில் தரையில் உட்கார வைத்திருந்தேன். போகிற வழியில் பேட்டரி நின்று, உதடு நீலமாகிவிட்டது.

நீ இருந்த பின்னறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய லேப்டாப் பேட்டரி செல் கிடக்கிறது. எமர்ஜென்சி லைட் செய்ய வாங்கி வைத்தாயே, அதுதான். பழைய இரும்புக்காரன் கேட்டான், கொடுக்கவில்லை. அதை வைத்து இந்த மெஷினை ஓட்ட முடியுமா? அதை மட்டும் எழுது. போன் பண்ணாதே. எடுக்கமாட்டேன்.

இன்னொன்று. அவர் லோடு ஏற்றுகிறவர். வெடிமருந்து ரூமுக்குள் அவருக்கு வேலையே கிடையாது. அன்றைக்கு அவரை ஏன் உள்ளே கூப்பிட்டாய்?

பாண்டிலட்சுமி

*

மத்திய சிறை, மதுரை
15.6.2025

அக்காவுக்கு,

முடியும். மெஷினோடு காரில் மாட்டுகிற வயர் ஒன்று கொடுத்திருப்பார்கள், தேடிப் பார். அது இருந்தால் அறுபத்து நாலு நல்ல செல் போதும்.

பெட்டியில் நூற்று அறுபது இருக்கும். பாதிக்கு மேல் வீண். முதலில் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதைச் சார்ஜ் போட ஆசைப்படாதே, ஒதுக்கிவிடு. துரு, நசுங்கல், கசிவு எது இருந்தாலும் வேண்டாம். மேஜை டிராயரில் நாலு குழி உள்ள டெஸ்டர் இருக்கிறது. குழிக்கு ஒரு செல். அது செல்லை நிறைத்து, பிறகு மெதுவாகக் காலி செய்து, உள்ளேயிருந்து எவ்வளவு வந்தது என்று எண்ணிக் காட்டும். அந்த எண்தான் செல்லின் உண்மையான கொள்ளளவு. நிறைந்ததும் 4.2 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிடாதே. சாகப்போகிற செல்லும் 4.2 காட்டும். மேலே 2200 என்று அச்சடித்திருந்தால் 1800-க்குக் குறையாமல் வருவதை மட்டும் எடு. வந்த எண்ணை அதன் மேலேயே பேனாவால் எழுது. பிறகு நிறைத்து ஒரு வாரம் சும்மா போட்டுவை. ஒரு வாரத்தில் 4.1-க்குக் கீழே இறங்கினால் அது தானாகக் கசிகிற செல். தள்ளிவிடு.

வீட்டுக்குள் செய்யாதே அக்கா. மச்சானின் ஆக்சிஜன் பக்கத்தில் சின்னப் பொறிகூட ஆகாது. கொல்லைத் தகரக் கொட்டகையில், சிமெண்டுத் தரையில் வை. ஒரு வாளி மணல், ஒரு நீள இடுக்கி பக்கத்தில் இருக்கட்டும். அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார். கை பொறுக்காத சூடு என்றால் மணலில் போட்டுவிட்டு விலகி நில். நீ பக்கத்தில் இல்லாத நேரம் டெஸ்டர் ஓடக் கூடாது.

அறுபத்து நாலு தேறியதும் விஸ்வநத்தம் மொக்கைச்சாமி அண்ணனிடம் கொடு. அவர் பட்டை வைத்து வெல்டிங் அடித்து, பாதுகாப்பு போர்டும் மாட்டித் தருவார். நீயாக ஈயம் வைத்துப் பற்றவைக்காதே.

கடைசியில் கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

மாரிக்கண்ணன்

*

நாரணாபுரம்
6.7.2025

மாரிக்கண்ணனுக்கு,

கார் வயர் இருக்கிறது. இரண்டு வோல்ட் தேறாதது ஐம்பத்தெட்டு. மிச்சத்தை நாலு நாலாகப் போட்டுவருகிறேன். ஒரு தடவைக்குப் பத்து மணி நேரம் பிடிக்கிறது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து கூலிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன். இன்றுவரை முப்பத்தொன்று தேறியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு செல் சுட்டது. இடுக்கியால் எடுத்து மணலில் போட்டதும் புஸ்ஸென்று வெள்ளைப் புகை. எதிர்வீட்டு மாடத்தி புகையைப் பார்த்துவிட்டு, முடியை அள்ளி முடியாமல் ஓடிவந்தாள். மகள் ரோஜாவை அந்த மருந்து ரூம் தீயில் பறிகொடுத்தவள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னும் தீயி அடங்கலையாட்டி ஒங்க வீட்டுல? எம் மக பத்தலையா?"

"இல்ல மதினி, அவுக மூச்சுக்குத்தான்..."

"எம் பிள்ளைக்கு ஒரு மூச்சுக்கூட மிஞ்சலையே!"

தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளைத் தொடவில்லை. எந்த முகத்தோடு தொடுவேன்? அழுது ஓய்ந்ததும் தானாக எழுந்து போனாள். உள்ளே இவர் புகை வாடைக்குக் கட்டிலைவிட்டு இறங்கி மூலையில் ஒடுங்கிக் கிடந்தார். குழாய் கழன்றிருந்தது.

மறுநாளும் டெஸ்டரில் செல்லைப் போட்டேன். வேறு வழி என்ன?

நீ எல்லாம் விவரமாக எழுதுகிறாய், நான் கேட்டதைத் தவிர. இந்தத் தடவை பதில் வராவிட்டால் இனிமேல் எழுதமாட்டேன்.

பாண்டிலட்சுமி

*

மத்திய சிறை, மதுரை
14.7.2025

அக்காவுக்கு,

எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஜெயில் ஆபீசில் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

லைசென்ஸ்படி மருந்து ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம். சீசன் ஆர்டர் பிந்துகிறது, ஆளைக் கூட்டு என்று முதலாளி லட்சுமிகாந்தம் தை மாதமே சொல்லிவிட்டார். பதினோரு பேரைப் போட்டேன். ரிஜிஸ்டரில் நாலு பேர் என்று எழுதி நான்தான் தினமும் கையெழுத்துப் போட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். போர்மேன் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு மேனேஜர் மணிகண்டராஜ் போன் பண்ணினார். "செக்கிங்குக்கு ஆபீசர் வர்றாராம். ரூமச் சரி பண்ணு" என்றார். சரி பண்ணு என்றால் கூடுதலாக இருந்த ஏழு பேரையும் அவர்கள் முன்னால் இருந்த சரக்கையும் மறைக்க வேண்டும். அவசரத்தில் யாரை நம்புவது? லோடு லாரிப் பக்கம் மச்சான் நின்றார். "மச்சான், மருந்துத் தட்டையெல்லாம் பின்பக்கம் கடத்துங்க, சீக்கிரம்" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் உள்ளே போனார். நான் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். பாதி தூரம் போகவில்லை, சத்தம் கேட்டது.

ஆபீசர் யாரும் வரவே இல்லை அக்கா. வதந்தி.

இதைப் போலீசில் நான் இப்படிச் சொல்லவில்லை. கூட்டம் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான்.

சுட்ட செல் எந்தப் பேட்டரியிலிருந்து வந்ததோ, அதே நிறத்தில் இருப்பவற்றைத் தனியே வை. ஒன்று கெட்டால் கூட இருந்ததும் கெட்டிருக்க வாய்ப்புண்டு.

மாரிக்கண்ணன்

*

நாரணாபுரம்
20.8.2025

மாரிக்கண்ணனுக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நாள் சாப்பிடவில்லை. எனக்கும் உனக்கு எழுதக் கை வரவில்லை.

போன வாரம் மணிகண்டராஜ் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர், ஒரு புதுப் பெட்டி. பவர் ஸ்டேஷனாம். லித்தியம் பேட்டரியாம். "மெஷின இதுல மாட்டுனா எட்டு மணி நேரம் நிக்கும் தங்கச்சாமி. இனி கரண்டப் பத்தி நீங்க நெனைக்கவே வேண்டாம்" என்று இவரிடம் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். முதலாளிக்கும் மேனேஜருக்கும் எதுவும் தெரியாது, போர்மேன் மாரிக்கண்ணன் தன் இஷ்டத்துக்கு ஆளைக் கூட்டினான் என்று டைப் அடித்திருந்தது.

இவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில் நீலமாகிப்போன உதடுதான் என் கண்ணுக்குள் நின்றது. "போடுங்க" என்று நான்தான் சொன்னேன். போட்டுவிட்டார்.

எனக்கு வெட்கமில்லை. நீயும் ஒரு போனுக்குத்தானே அவரை உள்ளே அனுப்பினாய்?

நாற்பத்தாறு செல் தேறியிருந்தது. டெஸ்டரை மூட்டை கட்டிவிட்டேன்.

பாண்டிலட்சுமி

*

மத்திய சிறை, மதுரை
29.8.2025

அக்காவுக்கு,

வக்கீலம்மா அந்தக் காகிதத்தின் நகலைக் காட்டினார்கள். உன் கடிதம் வந்து நான்கு நாள் கழித்து. நீயே முந்திச் சொன்னது நல்லது.

எனக்குக் கோபம் இல்லை. காகிதத்தில் எனக்கெதிராக இருப்பது பாதிக்கு மேல் நிஜம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டியை டெஸ்ட் பண்ணினாயா? மேலே ஆயிரம் வாட்-அவர் என்று போட்டிருக்கும். சந்தையில் எழுத்து ஒன்று, உள்ளே வேறொன்று. முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு, நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து எழுது. எட்டு மணி நேரமாவது எரிய வேண்டும். அந்தப் பெட்டியின் திரையில் தெரியும் சதவீதத்தைக் கணக்கில் எடுக்காதே.

மச்சானை அதில் மாட்டுவதற்கு முன்னால் பல்பை மாட்டு. இது மட்டும் செய்.

மாரிக்கண்ணன்

*

நாரணாபுரம்
21.9.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கோபத்தில் ஒரு வாரம் அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. பல்பை மாட்டினேன்.

காலை பத்து மணிக்குப் போட்டது. கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொன்றரை வரைக்கும் திரையில் எண்பத்தெட்டு சதவீதம் காட்டியது. பதினொன்று நாற்பத்தைந்துக்குப் பல்பு அணைந்துவிட்டது.

"எம்புட்டு நேரம்?"

"ஒண்ணே முக்கா மணி."

"எட்டுன்னானே?"

மறுபடி ஏற்றி மறுநாளும் பார்த்தேன். ஒண்ணே முக்காலுக்கு இரண்டு நிமிடம் குறைவு.

அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். வந்தது. அடங்கியதும் சொன்னார்: "ஒரு டப்பாவுக்காகப் பொய்யில கையெளுத்துப் போட்டேன் பாண்டி. இத நம்பி நீ வெளிய வேலைக்குப் போயிருந்தா நான் செத்துருப்பேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "ஜட்ஜுகிட்டப் போகணும். நடந்தத என் வாயால சொல்லணும்" என்றார்.

"அங்கன எம்புட்டு நேரம் காக்க வைப்பாகளோ? வயர எங்கன மாட்டுவீக?"

"ஒந்தம்பி செல்லுகள எடுத்து வெளிய வை."

டெஸ்டரைத் திரும்ப எடுத்தேன். இப்போது அறுபத்தாறு தேறிவிட்டது. அறுபத்து நாலை மொக்கைச்சாமி அண்ணன் வெல்டிங் அடித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்தார். வீட்டில் கரண்ட் பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெஷினை அந்தப் பெட்டியில் ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் தடவை மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டாம் தடவை மூன்று ஐம்பது. பெட்டி சூடாகவில்லை.

இவர் கோர்ட்டுக்குப் போகப்போவது மேனேஜருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போன் பண்ணினார். "கொடுத்தத வாங்கிட்டுப் போயிருவோம்" என்றார். "நீங்க வர வேண்டாம், நானே வாசல்ல வச்சிருக்கேன்" என்றேன்.

வக்கீலம்மா அக்டோபர் ஏழு என்று தேதி வாங்கியிருக்கிறார்கள். விருதுநகர் கோர்ட்.

அக்கா

*

மத்திய சிறை, மதுரை
29.9.2025

அக்கா,

வேண்டாம். மச்சானைக் கூட்டிப்போகாதே. போக வர ஒன்றரை மணி நேரம், அங்கே காத்திருப்பது எவ்வளவோ. கூட்டத்தில் ஒரு சளிக் காய்ச்சல் ஒட்டினாலும் அவர் தாங்கமாட்டார். உன் கடிதம் படித்ததும், அவர் வந்து பேசினால் என் தலையிலிருந்து கொஞ்சம் இறங்குமே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியும் அவர் கேட்காவிட்டால், மூன்று ஐம்பதை முழுதாக நம்பாதே. மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள். மூன்றாவது மணி முடியும்போது எங்கே இருந்தாலும் கரண்ட் இருக்கிற இடத்தைப் பார்த்துக் கிளம்பிவிடு. பெட்டியை வெயிலில் வைக்காதே.

மாரிக்கண்ணன்

*

நாரணாபுரம்
22.10.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் மச்சான் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். ஜெயிலுக்கு அன்றைக்கே தகவல் வந்திருக்கும். எப்படி என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஏழாம் தேதி காலை ஒன்பதரைக்குக் கார் பிடித்தோம். வீட்டுப் பிளக்கைப் பிடுங்கியதும் மணியைக் குறித்துக்கொண்டேன். கோர்ட் வராண்டாவில் பெஞ்சுக்குப் பக்கத்தில் பிளக் எதுவும் இல்லை. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கூப்பிடவில்லை. பன்னிரண்டரைக்கு நான் பையைத் தூக்கிவிட்டேன்.

"எந்திரிங்க. மூணு மணி நேரம் ஆயிருச்சு. போயிருவோம்."

"இன்னும் அம்பது நிமிசம் இருக்குல்ல?"

"அவன் நம்பாதன்னு எளுதியிருக்கான்."

"நீ எண்ணிப் பாத்ததுதான? நான் நம்புதேன். ஒக்காரு."

பன்னிரண்டு நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். தனி அறை. ஜட்ஜம்மாவும் எழுதுகிறவரும்தான் இருந்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் என்னை ஓரமாக நிற்க விட்டார்கள். நாலு வார்த்தை பேசுவார், நிறுத்தி மூச்சு வாங்குவார். "இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா?" என்று ஜட்ஜம்மா கேட்டார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மேனேஜர் கொண்டுவந்த காகிதம் பொய் என்றார். "ஆளக் கூட்டச் சொன்னது மொதலாளி. மறைக்கச் சொன்னது மேனேஜரு. கையெளுத்துப் போட்டு என்னய உள்ள அனுப்புனது என் மச்சினன்" என்றார். உனக்காக ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் பையைத் தூக்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொண்ணு இருக்கு தாயி. தட்டத் தூக்கி வைக்கணும். அவசரத்துல நான் தரையில தேச்சு இளுத்தேன். என் கைக்குக் கீளதான் பொறி வந்துச்சு. எதுக்க அந்த ரோஜாப் பிள்ள ஒக்காந்திருந்துச்சு. 'மாமா, இளுக்காதீக'ன்னு சொல்லுச்சு. அது சொல்லி முடிக்கல."

எட்டு மாதம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கூடவே இருந்தேன். என்னிடம் இதைச் சொன்னதில்லை. பல நாள் தூக்கத்தில் கையை உதறுவார். காயம் அரிக்கிறது என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன்.

வெளியே வரும்போது ஒன்று ஐந்து. கார்காரர் நேரே விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு விட்டார். பெட்டி நிற்பதற்குள் சுவர்ப் பிளக்கில் மாட்டிவிட்டேன். அன்றைக்கு உதடு நீலமாகவில்லை. அதிகம் பேசியதால்தான் களைப்பு என்று அங்கேயே படுக்க வைத்தார்கள். மறுநாள் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். பெரிய மெஷின் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அதுவும் போதவில்லை. நீ எழுதியபடிதான் நடந்தது. கூட்டிப்போயிருக்க வேண்டாமோ என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போகாமல் இருந்திருக்க அவர் சம்மதித்திருக்கமாட்டார் என்பதும் தெரிகிறது.

தெருவில் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். மாடத்தி வரவில்லை. ஐந்தாம் நாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவர் கோர்ட்டில் சொன்னதை, ரோஜா சொன்னதையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லாமல் அந்தத் தெருவில் நான் எப்படித் தண்ணீர் பிடிப்பேன்? அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. என்னைத் திட்டவில்லை. "மாமான்னு கூப்பிட்டுருக்கா" என்றாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்: "ஒம் புருசன் சொல்லிட்டுப் போயிட்டான். ஒந்தம்பி என்ன சொல்லப் போறான்?"

நீதான் சொல்ல வேண்டும். எனக்கு எழுதியதை எல்லாம் போலீசிலும் கோர்ட்டிலும் சொல். தெரியாது என்று சொன்னதை மாற்று.

நேற்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு உன்னைக் காவலோடு அனுப்ப மனுக் கொடுத்திருக்கிறாயாம். குடும்பத்துக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை. மாடத்தி வாசலைத் தாண்டித்தான் நீ நம் வீட்டுக்குள் வர முடியும். போலீஸ் ஜீப்பில் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைந்து, பிண்டம் வைத்துவிட்டுப் போவது வேண்டாம்.

கோர்ட்டில் சொல். கொடுக்கிற தண்டனையை இருந்து முடி. பிறகு நடந்து வா. முதலில் அவள் வீட்டுக்குப் போ. அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள். அதற்குப் பிறகு இங்கே வா, சோறு போடுகிறேன்.

அதுவரை எழுது. நான் பதில் போடுவேன்.

அக்கா
பாண்டிலட்சுமி